காலையில் கரகரப்பு, மதியத்தில் இரைச்சல்: ஒரே கணினியில் இரண்டு பழுதுகள்

நீடாமங்கலத்தில் அரிசி ஆலைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகவும், கடையிலுள்ள ஆறு ஆண்டுப் பழைய கணினி தை பிறந்ததிலிருந்து பெருஞ்சத்தம் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காலையில் கடை திறந்து கணினியைப் போட்டவுடன் பத்து நிமிடம் கரகரவென்று அரைத்துவிட்டுத் தானாக அடங்கிவிடுகிறது. மதியம் கூட்டம் சேர்ந்து, நான்கைந்து விண்ணப்பப் பக்கங்களை ஒன்றாகத் திறந்து வேலை செய்யும்போது ஹோவென்று இரைகிறது. பார்க்க வந்த மெக்கானிக் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) போய்விட்டது, மாற்ற இரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஒரே பழுது இரண்டு வேளைகளில் தலைகாட்டுவதாக நீங்கள் கருதுகிறீர்கள். கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் செய்துவரும் எனக்கு, நீங்கள் விவரித்திருப்பது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பழுதுகளாகவே படுகிறது. குளிர்ந்த நிலையில் கத்திவிட்டுச் சூடேறியதும் அடங்குகிற சத்தம், விசிறியின் அச்சுத் தேய்ந்ததால் வருவது. குளிர்ந்திருக்கும்போது அமைதியாக இருந்து, வேலை கூடக் கூட ஏறுகிற சத்தம், நல்ல நிலையிலுள்ள ஒரு விசிறி முழு வேகத்தில் சுழன்றும் சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறுவதால் வருவது. முதலாவதில் பழுது விசிறியில் இருக்கிறது. இரண்டாவதில் பழுது வேறிடத்தில் இருக்க, விசிறி அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வயலில் மோட்டார் ஓடுவதை வரப்பில் நின்று கேட்டே, பேரிங் தேய்ந்திருக்கிறதா, ஃபுட்வால்வில் காற்று இழுக்கிறதா என்று சொல்லிவிடும் ஆட்கள் நம் பக்கத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். கணினியிலும் அதே காதுதான் வேண்டும். பொருள் வாங்குவது அதற்குப் பிறகு.

முதலில், எந்த விசிறி என்று கண்டுபிடிக்க வேண்டும். நாம் வழக்கத்தில் சிபியு என்று அழைக்கும் அந்தப் பெட்டிக்குள் குறைந்தது இரண்டு விசிறிகள் இருக்கும்: பிராசசரின் மேலுள்ள ஹீட் சிங்கில் (சூட்டை உறிஞ்சிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்) ஒன்று, எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் ஒன்று. பல பெட்டிகளில் பின்பக்கத் தகட்டில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றும் உண்டு. கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் அதிலும் ஒன்றோ இரண்டோ இருக்கும். பழைய மாதிரிப் பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ். மேல்பக்கம் பின்மூலையில் உட்கார்ந்திருக்கும். பிராசசர் விசிறி அதற்கு ஒரு சாண் தொலைவில்தான் சுழலும். வெளியிலிருந்து கேட்டால் இரண்டு சத்தமும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோல்தான் தோன்றும். உங்கள் மெக்கானிக் பெட்டியைத் திறக்காமலே சொல்லியிருந்தால், அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் காது அவரை ஏமாற்றியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கணினி இரவு முழுவதும் ஆறிக் கிடந்த நிலையில், பக்கவாட்டுத் தகட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றித் தகட்டை எடுத்து வைத்துவிட்டுப் போடுங்கள். செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு விசிறிக்கு அருகிலும் வைத்துக் கேட்டால் பெரும்பாலும் குற்றவாளி அகப்பட்டுவிடும். குழல் முனை இறக்கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் ஐயம் தீராவிட்டால், பிராசசர் விசிறியின் நடுவிலுள்ள வட்டமான குமிழை, இறக்கைகளைத் தொடாமல், காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெல்ல அழுத்தி இரண்டு விநாடி நிறுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் அதுதான், நிற்காவிட்டால் அதுவல்ல. இந்த விசிறிகள் ஓடுவது 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் என்பதால் இதில் ஷாக் அடிக்காது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் கம்பி வலைக்குள் மட்டும் எக்காரணம் கொண்டும் எதையும் நுழைக்காதீர்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் அதனுள்ளே நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாக மின்தேக்கிகளில் நிற்கிறது. வயரைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும்.

கேட்கும்போதே, அது விசிறிதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். உள்ளே தொங்கும் வயர் ஒன்று இறக்கையில் உரசினால் சீட்டுக் கட்டைக் கலைப்பதுபோல் டரடரவென்று கேட்கும். ஒரு பிளாஸ்டிக் பட்டையால் வயரைக் கட்டிவிட்டால் தீர்ந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கையால் அழுத்தும்போது சத்தம் குறைந்தால் திருகுதான் தளர்ந்திருக்கிறது. பெட்டியின் பின்புறம் கார்டு இல்லாத இடத்துத் தகட்டை யாராவது எடுத்துவிட்டு மூடாமல் விட்டிருந்தால், அந்தச் சந்து வழியாகப் பல்லி நுழைவதும், விசிறியில் அடிபட்டுக் கிடப்பதும் நான் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது பார்க்கிற காட்சி. மேசைக்கடியில் இருக்கும் யூ.பி.எஸ். ஒருவிதமாக ரீங்கரிக்கும், அதைக் கணினியின் சத்தம் என்று எண்ணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் டிக், டிக் என்று விட்டுவிட்டு அடிக்கும் உலோகச் சத்தம் ஹார்டு டிஸ்கிலிருந்து வந்தால் மட்டும் மற்றவை எல்லாம் அப்புறம். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, வாடிக்கையாளர் கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள்.

இனி காலைக் கரகரப்பு. விலை குறைந்த விசிறிகள் பெரும்பாலானவற்றில் குண்டு பேரிங் கிடையாது. எண்ணெய் ஊறிய ஓர் உலோகப் புஷ்ஷுக்குள் மெல்லிய எஃகு அச்சு சுழலும். இடையிலுள்ள எண்ணெய்ப் படலம்தான் இரண்டையும் உரசாமல் வைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூட்டில் ஓடும்போது எண்ணெய் கொஞ்சம் ஆவியாகி, மிச்சம் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். அச்சுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி கூடி, அச்சு நடுங்கிக்கொண்டே சுற்றும். அந்த நடுக்கம்தான் கரகரப்பு. காலைக் குளிரில் மிச்சமிருக்கும் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அச்சு உலர்ந்ததுபோல் அரைக்கிறது. பத்து நிமிடத்தில் சூடேறி எண்ணெய் இளகிப் பரவியதும் சத்தம் அடங்குகிறது. தை மாதத்தில் தொடங்கியது என்று நீங்கள் எழுதியதும் எனக்கு இதுதான் முதலில் தோன்றியது. தேய்மானம் முன்பே இருந்திருக்கும். பனிக்காலம் அதைக் காட்டிக்கொடுத்தது. அடங்கிவிடுகிறதே என்று விட்டுவிட்டால் பத்து நிமிடம் அரை மணியாகும், பிறகு நாள் முழுவதும் கரகரக்கும், கடைசியில் ஒருநாள் காலை சுற்றவே சுற்றாது.

உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. கணினியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, யூ.பி.எஸ்.ஸையும் அணைத்துவிட்டு, சந்தேகப்படும் விசிறியை விரலால் சுண்டிவிடுங்கள். நல்ல விசிறி பல சுற்றுகள் சத்தமின்றிச் சுழன்று மெல்ல நிற்கும். தேய்ந்தது ஓரிரு சுற்றில் சடக்கென்று நின்றுவிடும், அல்லது நடுக்குமிழைப் பிடித்து அசைத்தால் ஆடும். ஆட்டம் இல்லாமல் வறட்சி மட்டும் இருந்தால் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். விசிறியைக் கழற்றித் திருப்பினால் வயர் வரும் பக்கத்தில் நடுவே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பாதி உரித்தால் அச்சின் முனையோ அதை மூடிய சிறு ரப்பர் மூடியோ தெரியும். அங்கே தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, இரண்டே சொட்டு, விட்டு, விசிறியைக் கையால் சுற்றி, வழிந்ததைத் துடைத்து ஒட்டிவிடுங்கள். எண்ணெய் பட்ட ஸ்டிக்கர் மறுபடி ஒட்டாது என்பதால் மேலே ஒரு துண்டு டேப் போடுவது நல்லது.

தேங்காய் எண்ணெய் விட வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பக்கத்தில் கை முதலில் போவது அதற்குத்தான். அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். நம் மார்கழி, தை விடியற்காலைகள் அந்த அளவுக்குக் கீழே இறங்குபவை. அன்றைக்கு அமைதியாகிவிட்ட விசிறி அடுத்த குளிர்காலத்தில் உறைந்த எண்ணெயோடு மல்லுக்கட்டும். அதற்குள் எண்ணெய் சிக்குப் பிடித்தும் போயிருக்கும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அது இருக்கிற எண்ணெயைக் கரைத்து எடுத்துவிட்டுத் தானும் உலர்ந்துவிடும்.

எண்ணெய் விடுவது எனக்கு அவ்வளவு உவப்பான வைத்தியம் அல்ல. புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுத்துவிட்டால் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் சில வாரங்களில் பழைய கதைதான். புதிய விசிறி வாங்குவதென்றால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பெட்டி விசிறியானால் சட்டத்தின் ஒரு பக்கத்தை அளந்தால் 80, 92, 120 மில்லிமீட்டர் என்ற மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மாட்டும்போது, ஸ்டிக்கர் இருக்கும் பக்கமாகவே காற்று வெளியேறும் என்பதை நினைவில் வையுங்கள். பின்பக்க விசிறியில் அந்தப் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். பிராசசரோடு இலவசமாக வந்த கூலரில் (ஹீட் சிங்கும் விசிறியும் சேர்ந்தது) விசிறியை மட்டும் தனியே வாங்குவது எளிதல்ல. முழுக் கூலரையே மாற்றுவதுதான் நடைமுறை. பிராசசர் இன்டெல் என்றால் 1150, 1151, 1155, 1156, 1200 ஆகிய சாக்கெட்டுகள் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) அனைத்திலும் கூலரை மாட்டும் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரே, ஆகவே ஒன்றுக்கான கூலர் மற்றொன்றில் உட்காரும். 2021இல் வந்த 1700 சாக்கெட்டில் அது 78 மில்லிமீட்டர், அதற்கு வேறு கூலர்தான். வயரின் முனையில் நான்கு துளை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று துளை விசிறியில் மின்சாரம், கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் கம்பி), வேகத்தைத் திருப்பிச் சொல்லும் கம்பி ஆகியவை மட்டும் உண்டு. நான்காவது கம்பி வழியாகத்தான் மதர்போர்டு வேகத்தை நுட்பமாகக் கூட்டிக் குறைக்க முடியும்.

மதிய இரைச்சலுக்கு வருவோம். உங்கள் கடையைப் பொறுத்தவரை பெரிய பழுது இதுதான் என்பது என் எண்ணம். பிராசசரின் சூட்டை மதர்போர்டு இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சூடு ஏறினால் விசிறியின் வேகத்தை ஏற்றுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்று இரண்டு மடங்குதான் ஆகிறது. சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் ஏறிவிடுகிறது. ஆகவே சூட்டைக் கொஞ்சம் குறைத்தாலே சத்தம் வெகுவாகக் குறையும். தை மாதத்து மதியத்தில் நம் ஊரில் கடைக்குள் அதிகமாகப் போனால் 30 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டிலேயே இந்த விசிறி முழு வேகத்துக்குப் போகிறதென்றால், குறை வெயிலில் இல்லை, காற்று போகும் வழியில் இருக்கிறது. சித்திரையில் 38 டிகிரி வரும்போது இதே கணினி இரைவதோடு நிற்காது. தன்னைக் காத்துக்கொள்ள வேலை செய்யும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது தானாக அணைந்துவிடும்.

அரிசி ஆலைக்கு எதிர்க்கடை என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. சம்பா அறுவடை நடக்கும் இந்த நாட்களில் அறுவடை இயந்திரம் கிளப்பும் வைக்கோல் தூசி, நெல்லின் சுணை, கொள்முதல் நிலையத்தில் தூற்றும்போது பறக்கும் பதர், ஆலையின் தவிட்டுத் தூள், புழுங்கல் கொதிகலனில் உமி எரிந்து வரும் கரிச் சாம்பல் என்று எல்லாமாகக் காற்றில் மிதக்கின்றன. நகரத்துக் கணினிகளில் சேரும் தூசி பஞ்சுபோல் இருக்கும், ஊதினால் போய்விடும். நம் பக்கத்துத் தூசி அப்படியல்ல. சுணை நார்போல் பின்னிக்கொள்ள, தவிட்டிலுள்ள எண்ணெய்ப் பசையும் விடியற்காலைப் பனியின் ஈரமும் சேர, ஹீட் சிங்கின் தகடுகளுக்கு மேல் கம்பளித் துண்டுபோல் ஒரு படலம் பதிந்துவிடும். விசிறிக்கு மேலிருந்து பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியாது; இறக்கைகளில் ஏதோ கொஞ்சம் தூசி இருப்பதாகத்தான் தோன்றும். விசிறியைக் கழற்றிய பிறகே, அதற்கும் தகடுகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அந்தப் பாய் தெரியும். மன்னார்குடிப் பக்கம் ஒரு மண்டியிலிருந்து வந்த கணினியில் அந்தப் படலத்தைக் கிழியாமல் முழுச் சதுரமாக உரித்தெடுத்து, உரிமையாளரிடமே காட்டியிருக்கிறேன்.

இதை எடுக்க, மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, பெட்டியைத் திண்ணைக்கோ வாசலுக்கோ கொண்டுபோய் வையுங்கள். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டால் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் வடிந்துவிடும். புளோயரால் ஊதும்போது ஒவ்வொரு விசிறியையும் விரலால் பிடித்து நிறுத்திக்கொண்டே ஊத வேண்டும். சுற்றவிட்டு ஊதுவது பார்க்க வேடிக்கையாக இருந்தாலும், அளவுக்கு மீறிய வேகத்தில் பேரிங் கெடும். விசிறி டைனமோபோல் மின்சாரத்தை மதர்போர்டுக்குள் திருப்பி அனுப்பவும் கூடும். வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அதன் குழாய் முனையில் நிலைமின்சாரம் சேரும். ஊதியும் போகாத பாயை ஓவியத் தூரிகையால் கிளறி எடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காமல், அதன் வலை வழியாக வெளியிலிருந்து சற்றுத் தொலைவில் புளோயரைப் பிடித்து ஊதுவது போதும்.

சுத்தம் செய்த பிறகும் மதியத்தில் இரைந்தால், பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்திருக்கும். ஆறு ஆண்டுக்கு அது நியாயம்தான். கூலரைக் கழற்றினாலே பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதியது வைத்தாக வேண்டும், பழையதன் மேல் திரும்ப உட்காரவைக்கக் கூடாது. ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தால் அழுத்தத்தில் தானே பரவிக்கொள்ளும். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் மதர்போர்டின் மறுபக்கம் முழுவதுமாக வந்து கவ்வியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் கூலர் ஒரு பக்கம் சாய்ந்து, சூடு ஏறி, நீங்கள் செய்த வேலை எல்லாம் வீணாகும். உங்கள் பிராசசர் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட் வகையாக இருந்தால் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பசைபோல் பிடித்துக்கொண்டு பிராசசரையே ஊசிக்கால்களோடு பிடுங்கிவிடும். கணினியைக் கால் மணி ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகே எடுக்க வேண்டும். இதில் கை நடுங்குமானால் இந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சிலர் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போதே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் விசிறியின் வேகத்தைக் குறைத்துவைத்து இரைச்சலைப் போக்கிக்கொள்கிறார்கள். சுத்தம் செய்யாமல் அதைச் செய்வது அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது போன்றது. சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றி, வேலை மும்முரத்திலும் பிராசசர் 75 டிகிரிக்குள் நிற்கிறது என்று பயாஸுக்கு வெளியே ஏதாவது ஒரு வெப்பமானி மென்பொருளில் பார்த்துக்கொண்ட பிறகு, சற்றுக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. கணினி தொடங்கும்போது சி.பி.யு. ஃபேன் எரர் என்று திரையில் வந்தால், எஃப் 1 தட்டித் தாண்டிப்போவதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். விசிறி சுற்றவில்லை, அல்லது சுற்றுவதாகச் செய்தி வரவில்லை என்பதே அதன் பொருள்.

பெட்டி இருக்கும் இடமும் முக்கியம். பெரும்பாலான கடைகளில் அது மேசைக்கடியில், தரையோடு தரையாக, பின்புறம் சுவரில் முட்டிக்கொண்டு இருக்கும். பெருக்கும்போது எழும் தூசி முழுவதும் அதற்கே போகும். ஒரு முழ உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, முன்பக்கம் ஆலையைப் பாராமல் வையுங்கள். தூசிக்குப் பயந்து ஓடும்போதே துணி போர்த்துவதுதான் நான் பார்த்தவற்றுள் மோசமான பழக்கம். போர்வை கடை பூட்டிய பிறகு மட்டும் இருக்கட்டும். காற்று இழுக்கும் பக்கத்தில் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டிவைத்து, வாரம் ஒருமுறை துடைத்தால் சுணையில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். குறுவை முடிந்து ஒருமுறை, சம்பா, தாளடி முடிந்து ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவை உள்ளே ஊதினால் உங்கள் கடைக்குப் போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு நான் வேறு கணக்குச் சொல்வேன். அங்கே உப்புக் காற்று தகடுகளை அரிப்பதால், தூசியைவிடத் துருதான் சிக்கல்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகு, ஒரு குளிர்ந்த காலையில் செய்தித்தாள் குழலை வைத்துக் கேட்கும்போது, பிராசசர் விசிறியைக் குச்சியால் நிறுத்தியும், பின்பக்க விசிறியின் வயரைக் கழற்றிவிட்டும் கரகரப்பு எஸ்.எம்.பி.எஸ். வலைக்குள்ளிருந்தே வருமானால், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போது அதன் உள் விசிறியை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தாலும், ஆறு ஆண்டு ஓடிய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். மின்தேக்கிகளும் அதே வயதுதான். முழுவதையும் மாற்றிவிடுங்கள், பழையதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வாட் அளவுக்குக் குறையாததாக, கையில் எடுத்தால் கனமாக இருப்பதாகப் பார்த்து.